பிடித்த பாட்டை நண்பருக்குக் கொடுக்கும்போது விடுகிற பிழைகள்

திருகோணமலை டச் பே கடற்கரையில் ஒரு மாலை. நாங்கள் நாலு பேர், ஒரு சின்னப் புளூடூத் ஸ்பீக்கர், ஆளுக்கொரு கச்சான் சரை. செஸாரியா எவோரா என்ற பாடகியை அந்த வாரம்தான் கண்டுபிடித்திருந்தேன். பாட்டைப் போட முன்னமே பேசத் தொடங்கிவிட்டேன். ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கேப் வெர்டே என்று ஒரு தீவுக்கூட்டம், அங்கே மிண்டேலோ என்று ஒரு துறைமுக ஊர், போர்த்துக்கேயர் ஆண்ட இடம், 'மோர்னா' என்ற மெதுவான ஏக்கப் பாட்டு, இந்த மனிசி வெறுங்காலோடுதான் மேடையேறுவார், ஐம்பது வயதை எட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது, 2004இல் கிராமி விருது என்று போய்க்கொண்டே இருந்தேன். கிண்ணியாவிலிருந்து வந்திருந்த நண்பன் கச்சான் கோதை ஊதிக்கொண்டே கேட்டான்: "மச்சான், பாட்டுப் போடப் போறியா, பாடம் நடத்தப் போறியா?"

போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் ஒருவன் போனைக் கையில் எடுத்துவிட்டான். மீதியை அலைச் சத்தம் விழுங்கியது.

வீட்டுக்குப் போய் யோசித்தபோது, ஒரே மாலையில் நாலைந்து பிழை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. திருமலையில் பாட்டுப் பைத்தியங்களுக்குக் குறைவில்லை. எல்லாரும் இதே பிழைகளைத்தான் மாறி மாறி விடுகிறோம்.

முதலாவது, நீண்ட முன்னுரை. எங்கள் மாமாமார் பாட்டுக் கேட்டு வளர்ந்தது இலங்கை வானொலியில். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று அந்த அறிவிப்பாளர்களின் பெயர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் வீட்டுப் பெயர்களாக இருந்தன. அவர்கள் ஒரு பாட்டை எப்படிக் கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். படம், எழுதியவர், இசை, பாடியவர். அப்புறம் பாட்டு. மூச்சு விடாமல் பேசுவார் என்று பெயரெடுத்த கே. எஸ். ராஜாவுக்குக்கூட, பாடகர் வாய் திறக்கும்போது தான் வாயை மூடத் தெரிந்திருந்தது. நான் அன்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்: "போர்த்துக்கேயம் கலந்த மொழியில் ஒரு துறைமுக ஊர்க்காரி பாடுகிறார், எங்கட பைலாவுக்குத் தூரத்துச் சொந்தம்."

அந்த வரி வேறு ஊரில் வேலை செய்யுமோ தெரியாது, இங்கே செய்யும். பைலா என்ற நம் ஆட்டப்பாட்டின் பெயரே ஆடுவதைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உள்ள பறங்கியர் குடும்பங்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் நெடுங்காலம் காத்துவந்தவர்கள். கேட்கிறவருடைய முற்றத்தில் ஏற்கெனவே கிடக்கிற ஒன்றோடு புதுப் பாட்டைக் கட்டிவிட்டால் அரைவாசி வேலை முடிந்தது.

இரண்டாவது பிழையும் இங்கேதான் இருக்கிறது. நமக்கு எந்தப் பாட்டு மிகவும் பிடிக்கிறதோ அதையே மற்றவருக்கும் முதலில் கொடுத்துவிடுகிறோம். நாம் அந்தப் பாட்டுக்குப் பத்துப் பாட்டு ஏறி வந்திருப்போம். அவரை ஒரே தூக்காகத் தூக்கி மேலே வைக்கப் பார்க்கிறோம். பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலி, அதாவது சூஃபி பக்திப் பாட்டு ஒன்று இருபது நிமிடத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆர்மோனியம், மெதுவான ஆலாபனை, பிறகுதான் கைதட்டல் ஏறும். பழகாதவர் மூன்றாவது நிமிடத்திலேயே இறங்கிவிடுவார். அவர் ரஹ்மான் கேட்பவரா? 1997இல் வந்த 'வந்தே மாதரம்' தொகுப்பில் ரஹ்மானோடு நுஸ்ரத் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. அதைக் கொடுங்கள். நுஸ்ரத் காலமானதும் அதே ஆண்டுதான், வயது 48. அந்தக் குரல் யாருடையது என்று அவரே கேட்கட்டும். இருபது நிமிடத்தைப் பிறகு அனுப்பலாம், அதிலும் "ஆறாவது நிமிடத்தில் பார்" என்ற மாதிரி ஒரு குறிப்போடு. எந்த இடத்தில் உங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொல்வது, பாட்டு முழுவதையும் புகழ்வதைவிட எவ்வளவோ மேல்.

"எனக்குக் கர்நாடக சங்கீதம் விளங்காது" என்கிறவர்களிடமும் இதே வழிதான். ராகம், தானம், பல்லவி என்று முக்கால் மணி நேரக் கச்சேரியோடு அவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள். சம்பந்தர் இந்த மலைக் கோயிலைப் பற்றிப் பாடிய பதிகத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பார்கள். அதன் பண் புறநீர்மை. பூபாள ராகத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அவர்களுக்குப் பரிச்சயமான அந்த மெட்டிலிருந்து ஒரு சின்னப் பூபாளக் கீர்த்தனைக்குப் போவது, பத்திரகாளி கோயிலடியிலிருந்து கடற்கரைக்கு நடக்கிற தூரம்தான்.

சரி, புகழ்ச்சிக்கு வருவோம். "கேட்டால் அழுதுவிடுவாய்" என்று சொல்லி ஒரு பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். அவர் பாட்டைக் கேட்கமாட்டார், தன் கண் கலங்குகிறதா என்று காவல் இருப்பார். "உலகத்திலேயே இப்படி ஒரு குரல் இல்லை" என்பதும் அப்படித்தான். உடனே அவருக்குப் பிடித்த குரல் நினைவுக்கு வரும், போட்டி தொடங்கிவிடும்.

அந்தப் போட்டிதான் எங்கள் வீடுகளில் நடக்கிற பெரிய பிழை. ஒரு பாடகரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்துவது. "டி. எம். எஸ்ஸுக்கும் சீர்காழிக்கும் முன்னால் இப்ப வருகிறதெல்லாம் பாட்டா?" என்று மாமா தொடங்குவார். மருமகன் எழும்பிப் போய்விடுவான். டி. எம். எஸ். நட்டப்பட்டதுதான் மிச்சம், அந்தப் பையன் இனி அவரைத் தேடிக் கேட்கமாட்டான். பெடியங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, "பழைய அழுகைப் பாட்டு" என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே குப்பையில் தள்ளுவார்கள். ஒருநாள் அந்த மருமகன் எம்.ஐ.ஏ. பாட்டொன்றைப் போட்டான். மாதங்கி அருள்பிரகாசம் என்ற ஈழத்துப் பெண், லண்டன்காரி, 2007இல் வந்த 'கலா' என்ற தொகுப்பு, அம்மாவின் பெயர். இதில் எதையும் அவன் சொல்லவில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டினான், அவ்வளவுதான். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டுவிட்டு, "உறுமியல்லோ அடிக்கிறான்?" என்றார். உறுமிதான். சென்னையில் வாசித்துப் பதிவு செய்த உறுமி. ராப்பை அவர் அதற்குப் பிறகும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லமாட்டேன், ஆனால் எழும்பிப் போகவில்லை.

பெயர்ப் பிழை சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அது பெரிய விஷயம். மலேசியா வாசுதேவன் பாடியதை எஸ். பி. பி. என்று அனுப்புகிறார்கள், மனோவையும் எஸ். பி. பி. ஆக்குகிறார்கள், ஸ்வர்ணலதா பாடியதைச் சித்ராவின் பெயரில் போடுகிறார்கள். யாரோ யூடியூப்பில் ஏற்றியபோது எழுதிய தலைப்பு அப்படியே ஊர் சுற்றுகிறது. ஸ்வர்ணலதா 37 வயதில் போய்விட்டார். ஒரு பாடகருக்கு மிஞ்சுவது பெயர்தானே, அதையும் இன்னொருவருக்குக் கொடுத்தால் எப்படி? சந்தேகமாக இருந்தால் பெயரைப் போடாமல் அனுப்புங்கள். அல்லது இசைத்தட்டு நிறுவனமே வெளியிட்ட பதிவில் இருக்கிற பெயரைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. சுராங்கனியை ஏதோ ஒரு படத்துப் பாட்டு என்று நினைக்கிறவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். அதைத் தமிழர் வாயெல்லாம் பாட வைத்த ஏ. ஈ. மனோகரன் நம் நாட்டுக்காரர், நித்தி கனகரத்தினம் போன்றவர்களோடு சேர்ந்து பொப் இசையை மேடையேற்றியவர். மூலத்தை விட்டுவிட்டு ரீமிக்ஸை அனுப்புகிற பழக்கமும் இந்தப் பிழைக்குத் தம்பிதான்.

பெயர் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு என் கதை ஒன்று. வெசாக் நாட்களில் ஒலிபெருக்கியில் வருகிற சிங்கள பக்திப் பாடல்களில் ஒரு ஆண் குரல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பாடுகிறவர் ஒரு பௌத்தர் என்றே வைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டோ ஓட்டுகிற சிங்கள நண்பர் ஒருவர்தான் பெயரைச் சொன்னார்: மொஹிதீன் பேக். முஸ்லிம், பிறந்தது தமிழ்நாட்டுச் சேலத்தில்! அதை அறிந்த பிறகு அந்தக் குரலில் எனக்குக் கேட்பதே வேறு. "அது அவங்கட பாட்டு" என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, இந்தப் பெயரை மட்டும் சொல்வேன். நாகூர் ஹனிபாவின் குரல் கேட்காத தமிழ் வீடும் இங்கே குறைவு.

அதற்காக எந்த நேரத்திலும் எதையும் போடலாம் என்றில்லை. பள்ளியில் பாங்கு சொல்லும்போதும், தெருவில் மரண வீடு இருக்கும்போதும் ஸ்பீக்கரைக் குறைக்கத் தெரியாதவர் கொடுக்கிற பாட்டை நான் கேட்கப்போவதில்லை. பஸ்ஸில் எல்லாருக்குமாகப் போனில் பாட்டுப் போடுகிறவர்களைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

கருவிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. போனில் இருக்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கரில் ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. பேஸ் கித்தாரின் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸில் அதிர்வது. மிருதங்கத்திலும் தவிலிலும் தொப்பி எனப்படும் இடப்பக்கம் கீழே ஒலிப்பதுதான். இளையராஜாவின் பாட்டில் அடியில் தனியாக ஒரு பாட்டு ஓடுகிறதே, அதை நீட்டிய போனில் நண்பர் எப்படிக் கேட்பார்? நீங்கள் அதை ஹெட்செட்டில் கேட்டு மயங்கியிருப்பீர்கள், அவருக்கு மேல்தோல் மட்டும் போகும். என் கடற்கரைப் பிழையும் இதுதான்: மெதுவான மோர்னாவை அலைக்கு எதிரே வைத்தேன். கடற்கரைக்குப் பைலா பொருந்தும், கிரிக்கெட் மைதானத்துப் பபரே வாத்தியம் பொருந்தும். தாழ்ந்த குரலுக்கு இரவும் ஹெட்செட்டும் வேண்டும்.

இன்னொன்று, பதிவின் கட்டை. பதிப்புரிமைத் தேடலில் அகப்படாமல் இருக்கச் சிலர் பாட்டைக் கொஞ்சம் வேகமாக்கி, சுருதியை ஏற்றிப் பதிவேற்றுகிறார்கள். பழைய கசெட்டிலிருந்து எடுத்ததிலும் வேகம் பிசகியிருக்கும். ஜானகியின் குரல் கிளிக்குஞ்சு போலக் கேட்டால் பாட்டில் பிழை இல்லை, பதிவில்தான் பிழை. அனுப்ப முன் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். டேட்டாவையும் நினையுங்கள். 128 கேபிபிஎஸ் ஒலிக்கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பிதான் எடுக்கும், அதே பாட்டு வீடியோவாகப் போனால் பல மடங்கு. மாதக் கடைசியில் அனுப்புகிறவருக்கு இது விளங்காது, பெறுகிறவருக்கு விளங்கும்.

ஒரே இரவில் பதினைந்து இணைப்புகளை வட்ஸ்அப்பில் கொட்டுவது, காலையில் "கேட்டியா?" என்று கேட்பது, மத்தியானம் திரும்பவும் கேட்பது. இவை மூன்றும் ஒரே நோய். பாட்டு கடனாகிவிடும், நண்பர் கடன்காரன் போல ஒளிந்து திரிவார். ஒன்று அனுப்புங்கள். கிழமைக்கு ஒன்று போதும். கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று குறுக்கு விசாரணை வேண்டாம்.

அந்தச் செஸாரியா எவோரா பாட்டை இரண்டு மாதம் கழித்து, இரவு பத்தரைக்கு, கிண்ணியா நண்பனுக்கு மட்டும் அனுப்பினேன். கூட ஒரு வரி: "ஹெட்செட்டில் கேள்." நாலு நாள் சத்தமில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் குரல்பதிவு வந்தது. "அந்த வெறுங்கால் மனிசிட இன்னொண்டு இருந்தா அனுப்பு." அன்று கடற்கரையில் நான் சொன்னதில் அவன் காதில் தங்கியது வெறுங்கால் மட்டும்தான்.

பதிலுக்கு அவன் அனுப்பியது உம்மு குல்தூம். அவனுடைய வாப்பா கட்டாரில் வேலை செய்த காலத்தில் பழகிய குரலாம். எகிப்துக்காரி, 1975இல் காலமானவர். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் அவருடைய கச்சேரி வானொலியில் போகும்போது அரபு நாடுகள் எல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்குமாம். நண்பன் எனக்கு நான் கொடுத்ததைவிட நல்ல குறிப்புக் கொடுத்தான்: "ஒரே வரிய திரும்பத் திரும்பப் பாடுவா, ஒவ்வொரு தரமும் வேற மாதிரி. நீ சொல்ற நிரவல் மாதிரி." எனக்கு அரபு ஒரு சொல் தெரியாது, ஆனால் நிரவல் தெரியும். பாட்டு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கிழமையாகக் கிடக்கிறது, அவனும் இன்னும் "கேட்டியா" என்று கேட்கவில்லை. நாளைக்குக் கொழும்புக்கு இரவு ரயில். ஹெட்செட்டைச் சார்ஜில் போட்டிருக்கிறேன், கல்லோயாச் சந்தி வருவதற்குள் கேட்டு முடித்துவிடலாம்.