சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: 'டெசி' பழகுங்கள்

வந்த புதிதில் நானும் மனைவியும் ஒரு உணவகத்துக்குப் போனோம். தண்ணீர் கேட்டதும் பரிமாறும் பெண், "மூன்றா, ஐந்தா?" என்று ஜெர்மனில் கேட்டார். ஆட்கள் ரெண்டு பேர்தானே என்று "ரெண்டு" என்றேன். வந்தது ஒரேயொரு சின்னக் கிளாஸ். அவர் கேட்டது டெசிலீற்றர்க் கணக்கு. எனக்குக் கிடைத்தது 2 டெசி.

ஊரில், இலங்கையில், லீற்றரும் மில்லிலீற்றரும்தான் நமக்குப் பழக்கம். இங்கே பேச்சில் டெசிதான். கணக்கு இதுதான்: 1 லீற்றர் 10 டெசி, 100 சென்டிலீற்றர், 1000 மில்லிலீற்றர். டெசியை மில்லியாக்க இரண்டு சைபர், சென்டியை மில்லியாக்க ஒரு சைபர். ஆனால் கடையில் நின்று சைபர் எண்ணாதீர்கள். கண்ணுக்குப் பழகிய அளவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் பேணி 400 மில்லி, அதாவது 4 டெசி. நாம் ஊரில் தேங்காய் எண்ணெய்க்குச் சொல்லும் ஒரு 'போத்தல்' 750 மில்லி. இங்கே வைன் போத்தலில் 75 சென்டிலீற்றர் என்று போட்டிருப்பதும் அதே அளவுதான்.

சமையலுக்கு முதலில் ஒரு மெஸ்பெக்கர் வாங்குங்கள். டெசிக் கோடு போட்ட அளவுச் சாடிக்கு இங்கே அதுதான் பெயர். இங்கத்தைய சமையல் குறிப்புகளில் மாவும் சீனியும் கிராமில் இருக்கும், பாலும் தண்ணீரும் டெசியில் இருக்கும். மாவைச் சாடியில் அளந்தால் கேக் கல்லாகிவிடும், தராசும் வேண்டும். ஊரிலிருந்து சுண்டு (அரிசி அளக்கும் வெறும் பால் ரின்) கொண்டுவந்திருந்தால் அதைத் தண்ணீரால் நிரப்பி மெஸ்பெக்கரில் ஒருதரம் ஊற்றிப் பாருங்கள். பால் ரின் ஆளுக்காள் வேறு என்பதால் உங்கள் சுண்டின் அளவை நீங்களேதான் கண்டுபிடிக்கவேண்டும். அதைக் குசினிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மருந்துக்கு மட்டும் இந்தப் பழக்கம் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், "ஊரில் 5 மில்லி கொடுத்தனாங்கள்" என்று அதே அளவை ஊற்றாதீர்கள். ஊரில் பழகிய பரசிற்றமோல் பாணியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து. இங்கே மில்லிக்கு 30 மில்லிகிராம் உள்ள பாணி விற்கிறார்கள். அதில் 5 மில்லி ஊற்றினால் 150 மில்லிகிராம். அளவு ஒன்று, மருந்து வேறு. பிள்ளையின் எடையைச் சொல்லி மருந்துக்கடையில் கேளுங்கள், பெட்டியோடு வரும் அளவுக் கருவியால் மட்டும் கொடுங்கள். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

குப்பைப் பையும் லீற்றரில்தான்: 17, 35, 60, 110. பெரும்பாலான ஊர்களில் கட்டணம் பையின் விலையிலேயே இருப்பதால், பையை நிரப்பாமல் கட்டி வைப்பது காசைக் கட்டி வைப்பது மாதிரி. தண்ணீர் பில்லில் கியூபிக் மீற்றர் வரும். ஒன்று 1000 லீற்றர். 150 லீற்றர் கொள்ளும் குளியல் தொட்டியை ஏழுதரம் நிரப்பினால் அதைத் தாண்டிவிடும்.

விமானத்தில் கைப்பையில் 100 மில்லிதான் என்று விதி உள்ள இடங்களில் அது 1 டெசி. நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு அங்கே இடமில்லை, பெரிய பெட்டியில் போடுங்கள்.

எல்லை தாண்டி ஜெர்மனியில் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சமையல் எண்ணெய் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் வரை சுங்கவரி இல்லை. 750 மில்லிப் போத்தல் ஆறு என்றால் 4.5 லீற்றர், பரவாயில்லை. ஏழாவதோடு 5.25 ஆகிவிடும். அதைக் காரில் கூட வருபவரின் கணக்கில் வையுங்கள்.