ஹம்மிங்பேர்டுக்கு நாட்டுச் சர்க்கரை வைக்காதீர்கள்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேக்குக் குடிவந்த புதிதில் பால்கனிக்கு ஒரு குட்டிப் பறவை வந்தது. தேன்சிட்டு என்று ஊருக்குப் படம் அனுப்பினேன். தப்பு. இது ஹம்மிங்பேர்ட், அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. இங்கே ஆண்டு முழுக்க இருப்பது அன்னாஸ் வகை. அதற்கு இப்போதைக்குக் கவலையில்லை. மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை பறக்கிற வழியில் வசந்தத்தில் இங்கே இறங்கும் துருநிற ரூஃபஸ்தான் பாவம். மூன்று, நான்கு கிராம்தான் இருக்கும். 2018-இல் அழியும் ஆபத்தை நெருங்கும் (Near Threatened) இனங்களின் உலகப் பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டார்கள்.

சரி, முதலில் ஃபீடர், அதாவது பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் கலம். கவிழ்த்த பாட்டில் போல இருப்பதை வாங்காதீர்கள்; வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒழுகும், கழுவக் கையும் நுழையாது. மூடி கழலும் தட்டு வகைதான் என் கட்சி. அதில் கொஞ்சம் சிவப்பு இருந்தால் போதும், தண்ணீரில் சாயம் வேண்டாம்.

அடுத்தது சர்க்கரைத் தண்ணீர். நான் சறுக்கியது இங்கேதான். 'வெள்ளைச் சர்க்கரை கெடுதல்' என்று எங்கள் வீட்டில் நாட்டுச் சர்க்கரைதான். பறவைக்கும் அதையே கரைத்து வைத்தேன், பெருமையாக வேறு! இவை தேடிப் போகும் பூக்களின் தேனில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது அதே வெள்ளைச் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் இருக்கிற இரும்புச் சத்தை இந்தத் துளி உடம்பு தாங்காது. கடைத் தேனும் கூடாது, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஒரு டம்ளர் வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு டம்ளர் தண்ணீர். நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு, வெந்நீரில் கழுவுங்கள். குழந்தைப் பால் பாட்டில் பிரஷ் போதும். துளையோரம் கறுப்பாகப் படிவது பூஞ்சை. இதற்கெல்லாம் நேரமில்லையா, ஃபீடரே வேண்டாம், செடி வையுங்கள். ஹம்மிங்பேர்ட் சேஜ், கலிஃபோர்னியா ஃபூஷியா இரண்டும் இந்த மண்ணின் செடிகள், தொட்டியிலும் வரும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். குஞ்சுகள் வளர்வது குட்டிப் பூச்சிகளைத் தின்றுதான். சிலந்தி வலையையும் விட்டுவையுங்கள், கூடு கட்ட அந்த நூல்தான் வேண்டும்.

ஃபீடரை மாட்டும் இடம்: ஜன்னலுக்கு மூன்றடிக்குள், இல்லையென்றால் முப்பதடிக்கு அப்பால். நடுவில் மாட்டினால் வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதும்.

அப்புறம், குழந்தைகள். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளிடம் சர்க்கரை அளக்கும் வேலையைக் கொடுத்து, மரத்திலிருந்த கூட்டையும் தூர நின்று காட்டினேன். பாதி எலுமிச்சம்பழம் அளவுதான். அன்னாஸ் டிசம்பரிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும், கிளை வெட்டுகிற பருவமும் அதுதான். தோட்டக்காரர் வந்த அன்று மரத்தடியில் போய் மறித்தது அந்தப் பிள்ளைகள்தான், நான் மீட்டிங்கில் இருந்தேன். முட்டை, குஞ்சு உள்ள கூட்டைக் கலைப்பது 1918-ஆம் ஆண்டு அமெரிக்க வலசைப் பறவைகள் சட்டப்படி குற்றமும்கூட.

பின்சேர்க்கை: எறும்பு வருகிறது, கம்பியில் எண்ணெய் தடவலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இறகில் ஒட்டினால் பறக்க முடியாது. ஃபீடருக்கு மேலே சின்னக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுங்கள். எறும்பு அதைத் தாண்டாது. தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆகஸ்டில் நான் இரண்டு முறை மறந்தேன்.