துணிப்பையின் கைப்பிடி பிய்ந்து வராமல் இருக்க

வீட்டில் தைக்கும் துணிப்பை முதலில் கிழிவது கைப்பிடியின் அடியில்தான். துணி நன்றாகவே இருக்கும், பிடி மட்டும் கையோடு வந்துவிடும். நான் தைத்த முதல் பை, 5 கிலோ அரிசியோடு தெருவிலேயே அப்படிப் பிய்ந்தது. அதிலிருந்து பிடியைத்தான் அதிகம் பார்த்துத் தைக்கிறேன்.

காடாத் துணி என்றால் வெட்டும் முன்பே ஊறவைத்து, துவைத்துக் காயவையுங்கள். கஞ்சி போய்விடும், சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும்.

பிடிக்கு 4 அங்குல அகலத்தில் பட்டி வெட்டி, நான்காக மடித்துத் தைத்தால் 1 அங்குலப் பட்டை கிடைக்கும். அதை வாய் மடிப்புக்குள் மட்டும் செருகிவிடாதீர்கள். 2 அங்குலம் கீழே இறக்கி, உள்பக்கம் பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றை வைத்து, சதுரமாகத் தைத்து அதன் குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு தையல் போடுங்கள். ஊசி 16ஆம் எண் இருக்கட்டும், மெல்லிய ஊசி உடைந்துவிடும். காய்கறிச் சந்தைக்கான பை என்றால், பட்டையைப் பையின் அடி வரை சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கம் ஏற்றுங்கள். எடை முழுவதையும் பட்டை தாங்கும்.

அப்புறம், அடிமூலைகளை முக்கோணமாக இழுத்து, நுனியிலிருந்து 2 அங்குலத்தில் குறுக்கே தைத்தால் 4 அங்குல அடிப்பாகம் கிடைக்கும். தக்காளி நசுங்காது.

பழைய புடவைக் கரை இருந்தால் உள்ளே ஒரு சின்னப் பை வையுங்கள். சாவிக்கும் சில்லறைக்கும் அது போதும்.