நான்கு மில்லிமீட்டர்: ட்ரெமலோ பிரிட்ஜ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் கடற்காற்றில் எலெக்ட்ரிக் கிட்டாரின் பிரிட்ஜுக்கு, அதாவது தந்திகளை உடலோடு பிடித்து நிற்கும் உலோகப் பகுதிக்கு, நீண்ட ஆயுள் கிடையாது. வியர்வையும் உப்பும் சேர்ந்து, தந்திக்கு ஒன்றாக அதைத் தாங்கும் சேடில்களின் சிறு திருகுகளைத் துருவேற்றி, ஆலன் சாவியே நுழையாத நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அப்போது இணையத்தில் புதிய பிரிட்ஜ் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் தாமே மாட்டிப் பார்த்து, திங்கட்கிழமை மாலை கிட்டாரைப் பையோடு என்னிடம் தூக்கி வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்கள் செய்துவிட்டு வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன் என்பதால் கோபம் பாதியாகவும் வெட்கம் பாதியாகவும் இருக்கிறது. தந்திகளைத் தளர்த்தாமல் பிரிட்ஜைக் கழற்றக் கூடாது என்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் முறையிலேயே தாமாகப் புரிந்துவிடும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகைக் கிட்டார்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

(ட்ரெமலோ என்பது கைப்பிடியை அழுத்தினால் பிரிட்ஜையே ஆடவைக்கும் பொறி. அது தந்தியின் சுருதியைத்தான் அசைக்கிறது, ஒலியளவை அல்ல; எனவே இதை வைப்ராட்டோ என்பதே முறை. ஆனால் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வெளிவந்தபோதே லியோ ஃபெண்டர் ட்ரெமலோ என்று பெயரிட்டுவிட்டார். பெயர் நிலைத்துவிட்டது.)

அகலத்தை அளக்காமல் வாங்குவது

‘ஸ்ட்ராட் பிரிட்ஜ்’ என்று ஒரே பொருள் இருப்பதாக நினைப்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகச் செலவு வைக்கும் தவறு. ஆறு திருகுகளால் உடலில் பொருந்தும் பழைய அமெரிக்க அளவில், முதல் திருகின் மையத்திலிருந்து ஆறாம் திருகின் மையம் வரை 56.4 மில்லிமீட்டர் இருக்கும். மெக்சிகோவிலும் ஆசிய நாடுகளிலும் செய்யப்பட்ட பல கிட்டார்களில் அதே தொலைவு ஏறத்தாழ 52.5 மில்லிமீட்டர்தான். பிரிட்ஜைக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. படத்தில் பார்த்தால் சுத்தமாகத் தெரியாது.

என் முதல் கிட்டார் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நான் ஆசையாக வாங்கியதோ முதல் வகைப் பிரிட்ஜ். அதை உடலின் மேல் வைத்தபோது நடுவிலிருந்த இரண்டு துளைகள் ஏறக்குறையப் பொருந்தின. ஓரத்திலிருந்த இரண்டும் பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றன. இந்த இரண்டு மில்லிமீட்டர் மிகவும் கொடியது. துளை முழுவதுமாக விலகியிருந்தால் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொண்டு பொருளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். திருகின் தடிமனில் பாதியளவே விலகியிருந்ததால், டிரில்லை எடுத்துக் கொஞ்சம் அகட்டினால் போதும் என்று தோன்றிவிட்டது. மரத்தில் பழைய துளையின் விளிம்பில் டிரில் முனையை வைத்தால் அது புதிய இடத்தில் இறங்காது; எதிர்ப்பில்லாத பழைய துளைக்குள்ளேயே சரிந்து இறங்கும். முடிவில் எனக்குக் கிடைத்தது எட்டு வடிவத்தில் ஒரு பள்ளமும், அதில் சாய்ந்து நிற்கும் ஒரு திருகும்தான். கைப்பிடியை ஒரு முறை அழுத்திவிட்டால் தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்பவே இல்லை. தந்திகளும் விரிந்து போனதால், பதினைந்தாம் கட்டைக்கு மேல் விரலை இழுத்தாலே முதல் தந்தி பலகையின் ஓரத்தைத் தாண்டி வழுக்கி விழுந்தது.

அதைச் சரிசெய்தவர் ஒரு வயதான தச்சர். ஆறு துளைகளையும் நேர்த்தியாகப் பெரிதாக்கி, உறுதியான மரத்தில் கடைந்த குச்சிகளைப் பசை தடவி இறக்கி, ஓர் இரவு முழுவதும் உலரவிட்டு, நிலையான டிரில் எந்திரத்தில் புதிதாகத் துளையிட்டார். அவர் வாங்கிய கூலி பிரிட்ஜின் விலையைவிட அதிகம். அது நியாயமான கூலி.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் அதே எட்டு வடிவப் பள்ளங்களோடு வந்தார். அவர் கூடுதலாக அந்தப் பள்ளங்களைச் சுவருக்குப் பூசும் பட்டியால் அடைத்திருந்தார். “நாலு மில்லிமீட்டர்தானே அண்ணா” என்றார். எனக்கு எரிச்சல் வந்தது அவர் மேல் அல்ல. அளவைக் குறிப்பிடாமல் ‘எல்லா ஸ்ட்ராட் கிட்டார்களுக்கும் பொருந்தும்’ என்று எழுதி விற்கிறவர்கள் மேல்.

அளக்கும் முறை எளிது. துளையின் மையத்தைக் கண்ணால் தேடாதீர்கள். முதல் துளையின் இடது விளிம்பிலிருந்து ஆறாம் துளையின் இடது விளிம்பு வரை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் அதுவே மையத்துக்கு மையம். சேடில்களின் இடைவெளி தனிக் கணக்கு. திருகுகள் 56 மில்லிமீட்டரில் அமைந்தாலும் தந்திகள் அதைவிட நெருக்கமாக அமையும் பிரிட்ஜுகள் உண்டு. ஆகவே ஓரத் தந்திகள் இரண்டுக்கும் இடையிலான தொலைவையும் தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறு திருகுகளுக்குப் பதில் ஸ்டட் எனும் தடித்த திருகுகள் இரண்டில் நிற்கும் வகையிலும் இதே பொறி காத்திருக்கிறது. ஃபெண்டரின் இரு ஸ்டட் அமைப்பில் இடைவெளி ஏறத்தாழ 56 மில்லிமீட்டர். தந்திகளைப் பூட்டிப் பிடிக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் அமைப்பில் 74 மில்லிமீட்டர். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பது மரவேலை. அதற்குப் பிரிட்ஜ் மாற்றுதல் என்று பெயரில்லை.

பிளாக்கின் ஆழத்தை மறப்பது

பிரிட்ஜின் அடியில் உடலுக்குள் இறங்கும் உலோகக் கட்டிதான் பிளாக். அது கனமாக இருந்தால் ஒலி நீண்டு நிற்கும் என்று கேள்விப்பட்டு வாங்குகிறார்கள். வழக்கமான ஸ்ட்ராட் உடலின் தடிமன் 44, 45 மில்லிமீட்டர். விலை குறைந்த சில மாடல்களில் 40 மில்லிமீட்டர் அளவே இருக்கும். முழு அளவு பிளாக்கை அதில் இறக்கினால் அடிப்பகுதி முதுகுப்புறம் துருத்திக்கொண்டு நிற்கும், மூடியும் பொருந்தாது. பிளாக்கை அரத்தால் தேய்த்துக் குறைக்க முயன்ற ஒருவரை அறிவேன். அது எஃகு.

எர்த் வயர்

முதுகுப்புறத்தில் பிளாக்கை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளைத் தாங்கும் உலோகக் கொக்கித் தகட்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும் அந்த ஒற்றை வயரை அறுத்துவிட்டு, பிறகு ஆம்ப்ளிஃபயர் இரைகிறது என்று பிக்கப்பைக் குறை சொல்லாதீர்கள்.

ஆறு திருகுகளையும் முடுக்குவது

மரத்தில் இறங்கும் எந்தத் திருகையும் முடுக்கிவிட வேண்டும் என்பது கையின் பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் கெடுதல் செய்யும். பிரிட்ஜின் தகடு இந்தத் திருகுகளின் மேல் கதவைப் போல ஆட வேண்டியது. முடுக்கினால் கதவு ஆணியடித்ததாகிவிடும். ஓரத்திலிருக்கும் இரண்டு திருகுகளை, தகட்டின் பின்பக்கம் உடலைவிட்டு எழத் தொடங்கும் வரை இறக்கி, அங்கிருந்து கால் சுற்றுத் திருப்பித் தளர்த்துங்கள். நடுவிலிருக்கும் நான்கும் இன்னும் சற்று உயர்ந்து, தலை தகட்டைத் தொடாமல் நிற்கட்டும்.

தந்திகள் இறுகியிருக்கும்போது ஸ்டட்டைத் திருப்புவது

ஸ்டட்டில் ஊன்றி ஆடும் தகட்டின் கத்தி முனை மழுங்கும். வேறு பிரிட்ஜ்தான் வாங்க வேண்டும்.

ஸ்பிரிங்கைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது

புதிய பிரிட்ஜோடு தந்தியின் தடிமனையும் மாற்றுகிறவர்கள் இதில் சிக்குவார்கள். வழக்கமான சுருதியில் 9–42 தந்திகள் (மிக மெல்லியதன், மிகத் தடித்ததன் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில்) ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ விசையில் இழுக்கும்; 10–46 என்றால் 46 கிலோவை நெருங்கும். இந்தக் கூடுதல் எட்டு கிலோவைப் பின்னாலுள்ள ஸ்பிரிங்குகள் ஈடுகட்டாவிட்டால் பிரிட்ஜ் முன்னால் கவிழ்ந்துவிடும். ஒரு தந்தியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் இறங்கும். அவற்றைச் சேர்த்தால் முதலாவது இறங்கும். இப்படியே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

பிளாக்குக்கும் பள்ளத்தின் வால்பக்கச் சுவருக்கும் இடையே, தகட்டின் பின்பக்கம் உடலிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். கொக்கித் தகட்டின் திருகுகளைத் தளர்த்திவிட்டு ஆறு தந்திகளையும் சுருதி சேர்த்தால், பிளாக் அந்தத் துண்டில் சாய்ந்து அசையாமல் நிற்கும். பிறகு அந்தத் திருகுகள் இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். மரத்துண்டு தானாக நழுவி விழும் புள்ளியில் இழுவைகள் சமமாகியிருக்கும்.

பழைய கைப்பிடியைப் புதிய பிளாக்கில் திணிப்பது

ஒன்றில் அங்குல மரை, மற்றொன்றில் மெட்ரிக் மரை. முதல் சுற்றுகள் எளிதாக இறங்கிப் பிறகு பிடித்தால், அங்கேயே நிறுத்தி, வந்த வழியே கழற்றிவிடுங்கள்.