"ரெண்டு பேருதான் அங்கிள்"னு சொல்லிட்டு பதினேழு பேர் வந்த கதை: டர்பன்ல ஷார்ட் ஸ்டே விடுறவங்க பண்ற தப்புங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல உம்ஷ்லாங்கா பக்கம் ஒரு காம்ப்ளெக்ஸ்ல ஒம்பது வருஷமா இருக்கேன், அதுல நாலு வருஷம் டிரஸ்டியா, அதாவது காம்ப்ளெக்ஸ் நிர்வாகக் குழுவுல, வேற இருந்தாச்சு. அதே காம்ப்ளெக்ஸ்ல ஒரு ரெண்டு பெட்ரூம் யூனிட்ட ஏர்பிஎன்பி ஆப்ல நாள் வாடகைக்கு விடுறேன். அதனால திட்டு வாங்குறதும் தெரியும், திட்டுறதும் தெரியும்.

முதல் வருஷ டிசம்பர்ல ஒரு புக்கிங் வந்துச்சு. ஒரு அம்மா, அழகான ரிவ்யூ எல்லாம் இருக்கு, குடும்பப் பேரும் நம்ம இந்தியக்காரங்க பேரு. "ரெண்டு பேருதான், அமைதியா இருப்போம் அங்கிள்"னு மெசேஜ். வெள்ளிக்கிழம சாயங்காலம் கேட்ல இருந்து போன், பதினேழு பசங்க நிக்கிறாங்க, கூலர் பாக்ஸோட. மெட்ரிக் (பன்னண்டாம் கிளாஸ்) பரீட்சை முடிச்ச பசங்க, பலிட்டோல ரேஜ்னு அவங்களுக்கான பார்ட்டித் திருவிழா நடக்குற வாரம், அங்க இருந்து எங்க இடம் அரை மணி நேர டிரைவ்தான். அம்மா புள்ளைக்காக தன் அக்கவுண்ட்ல புக் பண்ணிக் குடுத்துட்டு வீட்ல இருக்காங்க. அடுத்த ரெண்டு மணி நேரம் நான் பட்டது இருக்கே, அத விடுங்க.

நான் பண்ண தப்பு என்னன்னா பேரப் பாத்து நம்புனது. இது நம்மாளுங்க கிட்ட நிறையவே இருக்கு, சொன்னா கோவம் வரும், இருந்தாலும் சொல்றேன். நாயுடு, கோவெண்டர், பிள்ளைன்னு பேர் வந்தா உடனே ஓகே, ஜூலு பேரோ நைஜீரியா பேரோ வந்தா "சாரி, டேட்ஸ் இல்ல". இது சட்டப்படியே தப்பு. 2000-ல வந்த சமத்துவச் சட்டம் இனத்த வச்சு ஒருத்தர ஒதுக்குறத தடை பண்ணுது, கேஸ் ஈக்வாலிட்டி கோர்ட்டுக்குப் போகும். 2016-ல சொட்வானா பேயில ஒரு கெஸ்ட் ஹவுஸ் கறுப்பின மக்கள ஏத்துக்க மாட்டோம்னு சொல்லி நாடே கொதிச்சுச்சு, மனித உரிமை ஆணையம் வரைக்கும் போச்சு. ஏர்பிஎன்பியே 2018-ல புக்கிங் உறுதி ஆகுற வரைக்கும் கெஸ்ட்டோட போட்டோவ ஹோஸ்ட்டுக்குக் காட்டாத மாதிரி மாத்திடுச்சு. சட்டத்த விடுங்க, பேரப் பாக்குறது வேலைக்கே ஆகாது. என் வீட்டு பால்கனில ப்ராய் (கறி சுடுற அடுப்பு) போட்டு டைல்ஸ கருக்குனது நம்ம வீட்டுப் பசங்கதான்.

அப்ப எத பாக்கணும்? யாருன்னு இல்ல, எத்தன பேரு, எதுக்கு வர்றாங்க, அன்னிக்கு அங்க நிஜமா யார் இருப்பாங்க. எல்லார் கிட்டயும் ஒரே கேள்வி, டாக்டரா இருந்தாலும் ஸ்டூடண்டா இருந்தாலும். எந்த ஊர்ல இருந்து வர்றீங்க, என்ன விசேஷம், தங்குறவங்க எத்தன, பகல்ல வந்து போறவங்க எத்தன, எத்தன கார், கார் நம்பர் என்ன. புக் பண்றவரே தங்குறாரான்னு தனியா கேளுங்க, அத விட்டதாலதான் நான் மாட்டுனேன். இதுக்கு ஒழுங்கா வர்றவன் ரெண்டு நிமிஷத்துல பதில் போடுவான், பார்ட்டிக்கு வர்றவன் "ஏன் இவ்ளோ கேக்குறீங்க"ம்பான் இல்ல ரேட்டப் பத்தி பேச ஆரம்பிப்பான், ஒரு நாள்தானே ஆப் வேணாம் கேஷா தரேன்னு சொன்னா அங்கயே நிறுத்திக்கலாம்.

டர்பன்லயே இருக்குறவர் சனிக்கிழம ஒரு நாள் மட்டும் கேட்டா உடனே வேணாம்னு சொல்ற ஹோஸ்ட்டுங்க இருக்காங்க. அது பாதி சரி. சாட்ஸ்வொர்த்ல வீட்ல கீசர் வெடிச்சு தண்ணி இல்லாம ஒரு தாத்தா பாட்டி வந்து தங்குனாங்க, அவங்கள மாதிரி கெஸ்ட் எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்ல. கேட்டாதானே தெரியும்.

காலண்டரயும் பாக்கணும். நவம்பர் கடைசி டிசம்பர் ஆரம்பம் ரேஜ், ஜூலை முதல் சனி டர்பன் ஜூலை குதிரப் பந்தயம், அப்புறம் நியூ இயர், இந்த மூணுக்கும் நான் குறைஞ்சது மூணு நைட்னு வச்சுட்டேன். காம்ரேட்ஸ் மாரத்தானுக்கு வர்றவங்க தங்கம், எட்டு மணிக்கே தூங்கிடுவாங்க. குட் ஃப்ரைடேக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்கு ஜோபர்க்ல இருந்து வர்ற குடும்பங்க வேற ரகம். நாலு பேர்னு புக் பண்ணிட்டு பாட்டி, சித்தி, சித்தியோட மாமியார்னு வந்து இறங்குவாங்க, சத்தமே இருக்காது, ஆனா பார்க்கிங் ரெண்டுதான், வந்தது அஞ்சு கார். சாமி காரியம்னு விட்டா பக்கத்து யூனிட்காரர் சாமி ஆடுவாரு.

ஆப்புக்கு வெளிய தெரிஞ்சவங்க மூலமா வர்ற புக்கிங்ல இன்னொரு குழி இருக்கு. பேங்க்ல போட்டாச்சுன்னு ப்ரூஃப் ஆஃப் பேமெண்ட் பிடிஎஃப் அனுப்புவாங்க. அத எடிட் பண்றது சின்னப் புள்ளைக்குக் கூட வரும். வேற பேங்க்ல இருந்து சாதா ஈஎஃப்டின்னா, அதாவது ஆன்லைன் டிரான்ஸ்ஃபர்னா, பணம் வர நாள் ஆகலாம், "வீக்கெண்ட்ல அதான் லேட்"ம்பாங்க, நம்பி சாவியக் குடுத்துட்டு திங்கக்கிழம கைய பிசைவீங்க. உங்க சொந்த பேங்க் ஆப்ல பணம் விழுந்தத கண்ணால பாத்தப்புறம்தான் கேட் கோட். அவசரம்னா 2023-ல இருந்து உடனே பணம் போய்ச் சேர்ற பேஷாப் இருக்கே, அதுல போடச் சொல்லுங்க.

ஐடி விஷயம். ஐடி கேப்பேன்னு லிஸ்டிங்லயே முதல்லயே எழுதி வைங்க, கேட்டுக்கு வந்தப்புறம் கேட்டா சண்டதான். சவுத் ஆப்பிரிக்கா ஐடி நம்பர்ல 13 இலக்கம், முதல் ஆறு பிறந்த வருஷம், மாசம், தேதி, ரேஜ் சமயத்துல அது ஒண்ணே போதும் வயசு தெரிய. வெளிநாட்டுக்காரங்கன்னா பாஸ்போர்ட். தங்குறவங்க விவரத்த ஒரு ரெஜிஸ்டர்ல எழுதி வைக்கிற பழக்கம் நல்லது, காசு வாங்கி தங்க வைக்கிறவங்க அத வைக்கணும்னு 2002 குடிவரவுச் சட்டத்துலயே இருக்கு.

ஆனா வாங்குன ஐடிய என்ன பண்றோம்? இங்கதான் டிரஸ்டிங்க நாங்களே பண்ற பெரிய கூத்து. கெஸ்ட்டோட ஐடி போட்டோவ எடுத்து காம்ப்ளெக்ஸ் வாட்ஸப் குரூப்ல "யூனிட் 14-க்கு இவங்க வர்றாங்க, கவனம்"னு போடுறது. அந்த குரூப்ல எண்பது பேர் இருக்கோம், அதுல பாதிப் பேர் யாருன்னே எனக்குத் தெரியாது. 2021 ஜூலையில இருந்து போப்பியாங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்த எல்லாரும் கட்டாயம் கடைப்பிடிக்கணும், அபராதம் 1 கோடி ராண்ட் வரைக்கும் போகலாம். கேட்டுக்குப் பேரும் கார் நம்பரும் போதும். வேல முடிஞ்சதும் போட்டோவ போன்ல இருந்து அழிச்சிடுங்க.

வீட்டுக்குள்ள கேமரா வைக்கவே வைக்காதீங்க, 2024 ஏப்ரல் கடைசியில இருந்து ஏர்பிஎன்பில ஹாலா இருந்தாலும் உள்ள கேமராவுக்குத் தடை. வெளிய வச்சா லிஸ்டிங்ல சொல்லணும்.

செக்யூரிட்டிக்குச் சொல்லாம விடுறது தனிக் கொடும. கேட்ல இருக்குற ஆள் லைசன்ஸையும் கார் கண்ணாடில ஒட்டுற லைசன்ஸ் டிஸ்க்கையும் ஸ்கேன் பண்றாரு, ஆனா எத்தன பேர உள்ள விடலாம்னு அவருக்கு யார் சொன்னா? பதினேழு பேரப் பாத்து எங்க செக்யூரிட்டி போன் பண்ணது அவரோட நல்ல மனசு, நான் சொல்லி வச்சதால இல்ல. இப்ப ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு துண்டுச் சீட்டு போகுது, பேரு, தலைக் கணக்கு, கார் நம்பர், கிளம்புற தேதி.

விடுறதுக்கு முன்னாடி காம்ப்ளெக்ஸ் ரூல்ஸ படிக்காம இருக்குறவங்கதான் மெஜாரிட்டி. உங்க கெஸ்ட் நீச்சல்குளத்துல பாட்டில உடச்சா பாடி கார்ப்பரேட் (ஓனருங்க சங்கம்) கேள்வி கேக்குறது உங்களத்தான், கெஸ்ட்ட இல்ல. அதே சமயம் டிரஸ்டிங்களும் ராத்திரி பத்து மணிக்கு குரூப்ல "இனிமே ஏர்பிஎன்பி கிடையாது"ன்னு போட்டா அது ரூல் ஆயிடாது. கண்டக்ட் ரூல (காம்ப்ளெக்ஸ்ல எப்படி நடந்துக்கணும்ங்கிற விதிய) மாத்த ஸ்பெஷல் ரெசல்யூஷன், அதாவது ஓட்டுல 75 சதவீதம் வேணும், அப்புறம் சிஎஸ்ஓஎஸ்ல இருந்து, அதாவது இந்த மாதிரி காம்ப்ளெக்ஸ் விவகாரங்களப் பாக்குற அரசு அமைப்புல இருந்து, சர்டிஃபிகேட் வரணும். சண்ட முத்துனாலும் போற இடம் அதே சிஎஸ்ஓஎஸ்தான்.

மாசக் கணக்குல கேக்குறவங்கள ஹாலிடே கெஸ்ட் மாதிரி நாலு கேள்வியோட விட்றாதீங்க. அது அவங்க வீடுன்னு ஆயிடுச்சுன்னா கோர்ட் ஆர்டர் இல்லாம வெளிய அனுப்ப முடியாது, சட்டவிரோதமா வெளியேத்துறத தடுக்க 1998-ல வந்த சட்டம் இருக்கு. கோவத்துல பூட்ட மாத்துறது, கரண்ட்ட புடுங்குறது எல்லாம் கேஸ உங்க மேலயே திருப்பிடும். அதுக்கு லீஸ், டெபாசிட், சம்மதம் வாங்கி கிரெடிட் செக், எல்லாமே வேற கத.

நான் இப்ப அனுப்புற மெசேஜ் இதுதான், வேணும்னா எடுத்துக்கோங்க: "வணக்கம், புக் பண்ணதுக்கு நன்றி. நீங்களே தங்குறீங்களா? மொத்தம் எத்தன பேர், என்ன விசேஷம், எத்தன கார்? இது குடும்பங்க இருக்குற காம்ப்ளெக்ஸ், ஒம்பது மணிக்கு மேல சத்தம் கூடாது, பேர் இல்லாதவங்கள கேட்ல விட மாட்டாங்க." போன டிசம்பர்ல இத பாத்துட்டு மூணு பேர் அவங்களாவே கேன்சல் பண்ணாங்க. மூணுமே ரேஜ் வாரம்.