பழைய பைக்கில் புதிய வயரிங் பதிக்கும்போது

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கும்போது, பழைய வயரிங்கை உருவுவதற்கு முன்பே அது செல்லும் வழியைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டு, புதிய வயரிங்கை ஹெட்லைட்டிலிருந்து பின்பக்கமாகத் தளர்வாகப் படர விட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடவோ நசுங்கவோ இல்லை என்று உறுதியான பிறகே டை (வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கிவிடுவதுதான் பலரும் அவசரத்தில் செய்யும் தவறு. சைலன்சர் குழாயிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் வயர் நன்றாக விலகியே இருக்கட்டும். ஃபிரேமுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால், எர்த் வயர் (மின்சாரம் ஃபிரேம் வழியாக பேட்டரிக்குத் திரும்ப உதவும் வயர்) பிடிக்கும் இடத்தை மட்டும் வெறும் இரும்பு பளிச்சென்று தெரியுமளவு சுரண்டி, போல்ட்டை இறுக்கியபின் துருப்பிடிக்காமல் இருக்க மேலே சிறிது கிரீஸ் தடவுங்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், புத்தம்புது வயரிங்கிலும் விளக்கு மங்கி எரிய, சுரண்டாமல் விட்ட இந்த ஓர் இடமே போதும்.