மலைநடை முகாமில் ஓய்வு பெற்றவர்களுக்கு என்ன வேலை?

பொங்கல் கழிந்தால் பாபநாசம், களக்காடு அடிவாரங்களில் மாணவர் மலைநடை முகாம்களுக்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். பிப்ரவரி நடுவில், காட்டுத்தீக் காலம் என்று வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவிடும். இடையில் கிடைப்பது சில வாரங்கள்தான்.

இந்த முகாம்களில் உதவ விரும்பும் ஓய்வு பெற்றவர்கள் முதலில் கேட்பது, "நானும் பிள்ளைகளோடு மேலே ஏறலாமா?" என்றுதான். ஏறுவதற்கு ஆள் தாராளமாக இருக்கிறது. முன்னால் நடக்க இளைஞர்கள் போட்டி போடுகிறார்கள். பாதை காட்ட, அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த காணிக்காரர்கள் இருக்கிறார்கள். விடிந்ததிலிருந்து இரவு வரை அடிவாரத்தில் ஒரே இடத்தில் இருந்து கணக்கும் கவனமுமாகப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்பது என் கட்சி. நான் அம்பாசமுத்திரத்துக்காரி, அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முகாமில் என் வேலை கால் பார்ப்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வேலை வாசலில். அதற்கு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டரைப் போல ஒருவர் அமைவது அபூர்வம். எங்கள் முகாமில் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் வாசித்து "உள்ளேன் ஐயா" சொல்லச் சொல்வதில்லை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் குறுகிய வாசல் வழியே விட்டு, தோளைத் தொட்டு எண்ணுகிறார். அவருடைய நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, பெற்றோர் தொலைபேசி எண், குழுத் தலைவர் பெயர், கிளம்பிய நேரம், திரும்ப வேண்டிய நேரம் எல்லாம் இருக்கும். குழு எவ்வளவு தாமதித்தால் யாருக்குச் சொல்வது என்பதை முந்தின இரவே பேசி எழுதிவைத்துவிட வேண்டும். பாபநாசம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைபேசியை நம்ப முடியாது. மேலே இருப்பவர்கள் கூப்பிடுவார்கள் என்று கீழே காத்திருப்பதில் பயனில்லை.

தாலுகா ஆபீஸிலோ கருவூலத்திலோ கோப்பு நகர்த்திப் பழகியவர்களுக்கு அனுமதி வாங்கும் வேலை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. இங்கே நாம் கால் வைப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில். அனுமதிக் கடிதத்தில் இருக்கும் பெயர்ப் பட்டியலும் வாசலில் நிற்கும் பிள்ளைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் "என் தம்பியும் வருகிறான்" என்று ஒருவன் கூட்டிவந்தால், மறுப்பதற்கு இருபது வயது அமைப்பாளருக்கு வாய் வராது. முப்பது வருடம் ஆபீஸில் மறுத்துப் பழகியவருக்கு அது இயல்பாக வரும்.

பை சோதிப்பது அடுத்த வேலை. ஒரு தொங்கும் தராசு போதும். முதுகுப்பை பிள்ளையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 40 கிலோ பிள்ளைக்கு 8 கிலோ. முதல் முறை வருகிறவர்களை நான் 6 கிலோவோடு நிறுத்தச் சொல்வேன். கனமான பொருள் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். இல்லையென்றால் பாரமெல்லாம் தோளுக்குப் போய்விடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. தாய்மார்கள் வைத்துவிடும் முறுக்கு டப்பாவைப் பறிமுதல் செய்யாதீர்கள். டப்பாவை எடுத்துவிட்டு முறுக்கைத் துணிப்பையில் கட்டிக் கொடுங்கள்.

இனி கால். மாலையில் பிள்ளைகள் இறங்கி வந்ததும், வெளிச்சம் போவதற்குள், ஒரு நாற்காலி, ஒரு வாளி, ஒரு துண்டோடு உட்கார்ந்துவிடுவேன். வரிசையாக வந்து பாதத்தைக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். கேட்டால் எல்லாருமே "ஒன்றுமில்லை ஆச்சி" என்பார்கள். கேட்பதை விட்டுவிட்டுக் குதிகாலையும் சுண்டுவிரல் ஓரத்தையும் பெருவிரலின் அடியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பிள்ளை முகம் சுளிக்கிற இடத்தில் தோல் சிவந்திருக்கும். அந்தக் கட்டத்திலேயே காகித பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் கொப்புளம் வராது. வந்துவிட்டால், சிறியதை உடைக்கக் கூடாது. பெரிதாகி நடக்க முடியாமல் வலித்தால் மட்டும், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். மேல்தோலை உரித்துவிடாதீர்கள், அதைவிட நல்ல கட்டு கிடையாது. முகாமுக்கென்றே வாங்கிய புது ஷூ போட்டு வந்தவனை முதல் நாளே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடையோரம் போனவர்கள் அட்டையோடு வருவார்கள். உப்பு, சுண்ணாம்பு, மூக்குப்பொடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நகத்தை அட்டையின் வாய்க்கு அடியில் நுழைத்து நெம்பினால் போதும், விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிடுவதால் சற்று நேரம் கசியும். பயப்படாமல் கழுவி அழுத்திப் பிடியுங்கள். பாம்புக்கடி என்றால் வைத்தியமே வேண்டாம். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டு போக வேண்டும். இதற்காகத்தான் ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவர் முகாமில் வேண்டும் என்று சொல்கிறேன். வண்டி எப்போதும் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், அவர் மதியத் தூக்கத்துக்கு வீட்டுக்குப் போகக் கூடாது.

பெண் பிள்ளைகள் வரும் முகாமில் வயதான பெண் ஒருவராவது இருந்தே தீர வேண்டும். மாதவிடாய் வந்துவிட்டால், வாலிப வயது அமைப்பாளரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வார்கள். ஆச்சியிடம் சொல்வார்கள். நாப்கினும், பயன்படுத்தியதைச் சுற்றிக் கீழே கொண்டுவரக் காகிதமும் என் பையில் எப்போதும் இருக்கும்.

சமையலுக்குப் பெரிய ஆர்ப்பாட்டம் தேவையில்லை. நம் ஊர்க் கூட்டாஞ்சோறு முகாமுக்கென்றே பிறந்தது: அரிசி, பருப்பு, காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில். ஆளுக்கு 150 கிராம் அரிசி என்று கணக்கிட்டு, நடந்துவந்த நாளில் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். அடுப்பு காட்டுக்கு வெளியே, அடிவாரத்தில் மட்டும்.

இரவில் பேச்சுக்கு நம்மைக் கூப்பிடுவார்கள். பத்து நிமிடத்தில் முடியுங்கள். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும்வரை தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவதில்லை என்று சொன்னால் கேட்பார்கள். "எங்கள் காலத்தில்" என்று தொடங்கினால் டார்ச்சை அணைத்துவிடுவார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம்.

சில கட்டுப்பாடுகளும் நமக்கு உண்டு. எந்தப் பிள்ளையோடும் தனியறையில், கூடாரத்தில் தனியாக இருக்கக் கூடாது. இன்னொரு பெரியவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பேரப்பிள்ளை வயதுதானே என்ற சமாதானம் செல்லாது. பெற்றோர் எழுதிக் கொடுக்காத மாத்திரை எதையும், பாரசிட்டமால் உட்பட, நீங்களாகக் கொடுக்காதீர்கள். உங்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். முகாமுக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நோயாளியாகப் போய் விழுந்தால் பிள்ளைகள் உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெயர் கொடுப்பதற்கு, பக்கத்துப் பள்ளியின் சாரணர் ஆசிரியரையோ கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரையோ டிசம்பரிலேயே பாருங்கள். "எந்த வேலையானாலும் செய்வேன்" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு அது புரியாது. என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை நாள் தங்க முடியும், முழங்கால் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூடவே, தரையில் படுக்க முடியாதென்றால் அதையும் எழுதுங்கள். கட்டில் ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும்.